புதுப்பிக்கத்தக்கது எது?

சில சொற்கள் ஆராயப்படாமலே மதிப்பைப் பெற்றுவிடுகின்றன. ஒரு காலத்தில் ‘அபிவிருத்தி’ என்னும் சொல்லுக்கு அத்தகைய மதிப்பு இருந்தது. இன்று அவ்விடத்தைப் பிடித்திருப்பவை ‘புதுப்பிக்கத்தக்க சக்தி’, ‘நிலைபேறு’ ஆகிய இரண்டுமாகும். அமைச்சரின் உரையிலும் வங்கியின் விளம்பரத்திலும் கருத்தரங்கின் பதாகையிலும் இவை தவறாது இடம்பெறுகின்றன. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் வேண்டும் என்பது அரசு அறிவித்த கொள்கை இலக்கு. அவ்விலக்கை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இச்சொற்களின் பின்னாலுள்ள எளிய அறிவியலை அறியாமல் அவற்றைப் போற்றுவாரையும், அதே அறியாமையோடு அவற்றைத் தூற்றுவாரையும் எதிர்த்தே இது எழுதப்படுகின்றது.

முதற்கண் நமது வீட்டைப் பார்ப்போம். பேராதனையில் மகாவலி கங்கையின் இக்கரையில் கலைப்பீடம் உளது. அக்கரையில் பொறியியற்பீடம் உளது. இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு அக்பர் பாலம் என்று பெயர். பாலம் இருக்கின்றது, போக்குவரத்துத்தான் இல்லை. ‘பௌதிகவியல் நமக்கெதற்கு?’ என்று கேட்பதைக் கலைப்பீடத்தில் பலர் ஒரு பெருமையாகவே கொண்டுள்ளனர். கிலோவாற்றுக்கும் கிலோவாற்று மணித்தியாலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத ஒருவர் சக்திக் கொள்கைபற்றி முப்பது பக்க ஆய்வுக் கட்டுரை எழுத முடிகின்றது; அதனை மதிப்பிடுவாரும் அவ்வேறுபாட்டைக் கேட்பதில்லை. முன்னையது வலுவின் அலகு, பின்னையது சக்தியின் அலகு. ஒருவர் எவ்வளவு விரைவாக நடக்கிறார் என்பதற்கும் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. ‘நாளொன்றுக்குப் பத்து மெகாவாற்று உற்பத்தி செய்யும் திட்டம்’ என்று எழுதுபவர், ‘நாளொன்றுக்கு மணிக்குப் பத்து மைல் நடந்தேன்’ என்று சொல்பவரை ஒத்தவர். இத்தகைய அறியாமையை வைத்துக்கொண்டு ஆட்சியாளரையும் பொறியியலாளரையும் நாம் எவ்வாறு கேள்வி கேட்கப் போகிறோம்?

இத்துணைக்கும் இவ்வறிவியல் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. திருக்குறளின் ‘வான்சிறப்பு’ அதிகாரத்தைப் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்தோம். முகில் கடல்நீரை முகந்து மலையிற் பொழிவதைப் ‘பட்டினப்பாலை’ காவிரிப்பூம்பட்டினத்து ஏற்றுமதி இறக்குமதிக்கு உவமையாக்கியிருப்பதைப் பல்கலைக்கழகத்திற் படித்தோம். உவமையின் நயத்தை விளக்கிய நாம், கடல்நீரை மலைக்கு ஏற்றியது யார், அதற்குச் செலவான சக்தி எவ்வளவு என்று கேட்டதில்லை. நீர்மின்வலுவின் அறிவியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கின்றது.

விடை சூரியன் என்பதாகும். சூரியனின் உட்பகுதியில் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன; அவ்விணைப்பில் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் தொன் திணிவு சக்தியாக மாறுகின்றது. அதன் மிகச் சிறு துளியே புவியை அடைகின்றது. அத்துளி கடலைச் சூடாக்கி நீரை ஆவியாக்குகின்றது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்குவதற்கு ஏறத்தாழ 24 இலட்சம் யூல் சக்தி வேண்டும். அதே நீரை 1000 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டியது ஏறத்தாழ 9,800 யூல் மட்டுமே. அதாவது, மலையுச்சியில் விழும் மழைத்துளியிலிருந்து நாம் மீட்டெடுக்கக்கூடிய சக்தி, அதனை ஆவியாக்குவதற்குச் சூரியன் செலவிட்டதில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கேயாகும். ‘நீர் இலவசமாகத் தரும் மின்சாரம்’ என்று கூறுவோர் இக்கணக்கை மனங்கொள்ளவேண்டும். இயற்கையில் இலவசம் என்பது எதுவுமில்லை. செலவை வேறொருவர் ஏற்றிருக்கிறார் என்பதே உண்மை.

கணக்கை இன்னும் ஒருபடி தொடர்வோம். நமது மின்பட்டியலில் ‘ஓர் அலகு’ எனக் குறிக்கப்படுவது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். அது 36 இலட்சம் யூலுக்குச் சமன். ஒரு கன மீற்றர் நீர், அதாவது ஒரு தொன், 100 மீற்றர் கீழே விழும்போது அதன் அழுத்த சக்தியிலிருந்து வெளிப்படுவது ஏறத்தாழ 9 இலட்சத்து 80 ஆயிரம் யூல். சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால், நான்கு தொன் நீர் 100 மீற்றர் விழுந்தால்தான் ஓர் அலகு மின்சாரம் கிடைக்கும். இவ்வெண்ணின் அருகே வேறோர் எண்ணை வைத்துப் பார்ப்போம். உடலுழைப்பாளர் ஒருவர் காலை முதல் மாலை வரை செய்யும் பொறிமுறை வேலை முழுவதையும் கூட்டினாலும் அது ஓர் அலகை எட்டாது. ஓர் அலகு மின்சாரம் எவ்வளவு பெரியது என்பதையும், ஒரு மனிதரின் நாள் உழைப்பு எவ்வளவு சிறிய விலைக்கு மாற்றீடு செய்யப்படக்கூடியது என்பதையும் இது ஒருசேர உணர்த்தும். இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

இப்பொழுது தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். புதுப்பிக்கத்தக்கது எது? நீர், காற்று, வெயில், விறகு ஆகியன புதுப்பிக்கத்தக்கன. நிலக்கரியும் பெற்றோலியமும் புதுப்பிக்கத்தகாதன என்று பாடநூல் இரண்டு நிரல்களாகப் பிரித்துக் காட்டும். பரீட்சைக்கு இது போதும், சிந்தனைக்குப் போதாது. நிலக்கரியும் சூரிய ஒளிதான். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த தாவரங்கள் கைப்பற்றிய ஒளியே மண்ணுக்குள் அமிழ்ந்து நிலக்கரியாயிற்று. இன்றும் சதுப்புநிலங்களில் அச்செய்முறையின் தொடக்கம் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆயின், அது உருவாகும் வேகம் வேறு, நாம் எரிக்கும் வேகம் வேறு. மறுபுறத்தில், விறகு பாடநூலின் முதல் நிரலில் இடம்பெறுகின்றது. வெட்டப்படும் மரத்துக்கு ஈடாக மரம் வளரும்வரை மட்டுமே அது அந்நிரலுக்கு உரியது. வளர்வதைவிட விரைவாக வெட்டினால் விறகும் நிலக்கரியே.

ஆகவே ‘புதுப்பிக்கத்தக்கது’ என்பது ஒரு பொருளின் பெயரன்று. இரு வேகங்களுக்கிடையிலான விகிதத்தின் பெயர். எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சாதவரையில் எதுவும் புதுப்பிக்கத்தக்கது. மிஞ்சிவிட்டால் எதுவும் அழியத்தக்கது. நிலைபேறு என்பதன் அடிப்படை அறிவியல் இவ்வளவே. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நமது மலைகளைப் பார்ப்போம்.

இலங்கையின் நீர்மின்வலு வரலாறு பெருமைக்குரிய ஒரு தொடக்கத்தைக் கொண்டது. 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இந்நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரத்தை விளக்கும் கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். குடியேற்ற ஆட்சி அதனைப் பல்லாண்டுகள் கிடப்பிற் போட்டது. லக்ஷபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. இறக்குமதி நிலக்கரியை நம்பியிராது சொந்த மண்ணின் வளத்தைக் கொண்டு நாடு எழவேண்டும் என்ற அக்கனவை நாம் மதிக்கிறோம். 1990களின் நடுப்பகுதிவரை நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது நீரிலிருந்தே பெறப்பட்டது. அந்த மின்சாரத்தில் படித்தவர்கள்தாம் நாமனைவரும்.

கண்டியைச் சூழ்ந்து நிகழ்ந்ததும் இவ்வரலாற்றின் பகுதியே. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து நீரின் ஒரு பகுதி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குச் செல்கின்றது. 1977இன் பின்னர், முப்பது ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட மகாவலி அபிவிருத்தியை ஆறு ஆண்டுகளுள் முடிப்பதென ஆட்சியாளர் முடிவுசெய்தனர். சுவீடனின் உதவியுடன் கொத்மலை, பிரித்தானியாவின் உதவியுடன் விக்டோரியா, மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் ரந்தெனிகல என அணைக்கட்டுகள் எழுந்தன. கொத்மலையின் கொள்திறன் 201 மெகாவாற்று. விக்டோரியாவினது 210 மெகாவாற்று. முப்பது ஆண்டுகளை ஆறாகச் சுருக்கியபோது ஆற்றின் வேகத்தை எவரும் கூட்டவில்லை. மனிதரின் அவசரந்தான் கூடியது.

அணைக்கட்டு நிற்பது கொங்கிறீற்றின்மேல் மட்டுமன்று, நீரேந்து பிரதேசத்தின்மேலுமாகும். காடு செறிந்த மலையில் மழை விழும்போது இலைகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்களும் உக்கலும் நீரை உறிஞ்சி மண்ணுக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. அதாவது காடு என்பது செலவின்றிக் கட்டப்பட்ட முதல் நீர்த்தேக்கம். அதனை 1830கள் முதல் கோப்பிக்காக வெட்டினர். 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பற்றியது. 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காடு மீளவில்லை. செங்குத்தான சரிவுகளில் மூடுபயிரின்றிக் கிடக்கும் தேயிலை நிலத்திலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் மழை மேல்மண்ணைக் கழுவிச் செல்கின்றது. கடும் மழைக்கு மறுநாள் அக்பர் பாலத்தில் நின்று கீழே பார்ப்பவர்க்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆற்றின் செந்நிறம் மலையின் தசை.

அம்மண் எங்கே போகின்றது? நீர் தேங்கும் இடத்தில் அதன் வேகம் குறைகின்றது. வேகம் குறைந்ததும் அது சுமந்துவந்த வண்டல் அடியில் படிகின்றது. பொல்கொல்லைத் தேக்கத்தில் முதற் பத்தாண்டு சொச்சத்துக்குள்ளேயே பெருமளவு மண் படிந்துவிட்டமை பதிவானது. ரன்தம்பே நீர்த்தேக்கமும் உமா ஓயா கொண்டுவரும் மண்ணால் தூர்ந்து வருகின்றது. மழை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் என்பது மெய். ஆனால் ஓர் அங்குல மேல்மண் உருவாவதற்கு நூற்றாண்டுகள் செல்லும். நீரின் வேகத்தை மட்டும் கணக்கிற் சேர்த்து, மண்ணின் வேகத்தைக் கணக்கிலிருந்து விலக்கியவர்கள் இத்திட்டங்களைப் ‘புதுப்பிக்கத்தக்கவை’ என்று எழுதினர். நமது அளவுகோலின்படி அவை பாதி உண்மை.

மீதிப் பாதி மனிதர் சம்பந்தப்பட்டது. விக்டோரியா நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரம் அமிழ்ந்தது. கொத்மலையில் கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் அமிழ்ந்தன. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் எச்சங்கள் வெளித்தோன்றுவதைக் காண மக்கள் இன்றும் திரளுகின்றனர். மவுஸ்ஸாக்கலையில் நீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயில் தலைகாட்டுகின்றது. தம் வயலையும் மூதாதையர் புதைகுழியையும் விட்டு உலர்வலயக் குடியேற்றங்களுக்குச் சென்ற சிங்கள விவசாயியின் துயரம் நம்முடையதன்று என எண்ணுவோர் நீரேந்து பிரதேசம் என்ற சொல்லை விளங்கிக்கொள்ளாதவர்.

தோட்டத் தொழிலாளரின் நிலையோ இன்னும் ஒருபடி கீழானது. இழப்பீடு உறுதியுள்ளவர்க்கு உரியது. லயன் அறைக்கு உறுதி ஏது? காசல்றீயும் மவுஸ்ஸாக்கலையும் கட்டப்பட்ட 1960களில், அந்நீரேந்து பிரதேசத்தில் உழைத்தவருள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். 1964இல் இரு பிரதமர்கள் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அச்சிக்கல் முற்றாகத் தீரவில்லை. அக்காலமெல்லாம் உயரழுத்த மின்கம்பிகள் லயன் கூரைகளுக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன; கூரைகளின் கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தாமதமாகவே தோட்டங்களுக்குள் மின்சாரம் புகுந்தது. ஆற்றின் தலையில் இருப்பவர்க்கு ஆற்றின் பயன் கடைசியில் கிடைக்கும் என்பது எந்தப் பௌதிக விதி? நீர் கீழ்நோக்கிப் பாய்வது இயற்கை. பயனும் கீழ்நோக்கியே பாய்வது மனிதர் செய்த ஏற்பாடு.

2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டம் யப்பானியக் கடனுதவியுடன் இயங்கத் தொடங்கியது. இம்முறை இடம்பெயர்ந்த லயன் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். போராட்டமும் விவாதமும் இல்லாதிருந்தால் அதுவும் நிகழ்ந்திராது. செயின்ட் கிளயார் நீர்வீழ்ச்சியோ இன்று பகற்பொழுதில் குறித்த அளவில் விடப்படும் நீரினாலேயே உயிர்வாழ்கின்றது. நீர்வீழ்ச்சிக்கும் நேரசூசி வகுத்த பெருமை நமக்கு உண்டு. உமா ஓயாத் திட்டத்திற் கிடைத்த பாடம் இதனினும் கடுமையானது. சுரங்கம் தோண்டுகையில் நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்ததால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மலையின் உட்புறத்திலும் நீருக்கு வழிகள் உண்டு என்ற எளிய அறிவியலைப் புறக்கணித்ததன் விலை அது. அத்திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது.

இதுவரை கூறியதைக் கேட்டு ஒரு சாரார் எழுந்து, ‘அப்படியாயின் நிலக்கரியே நன்று என்கிறீரா?’ என்று வினவுவர். இல்லை. வெப்ப எஞ்சின் எதுவாயினும் எரிபொருளின் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்பது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. நிலக்கரி நிலையமொன்றில் வெப்பத்தின் மூன்றிலொரு பங்கு சொச்சமே மின்சாரமாகின்றது. எஞ்சியது கடலையும் காற்றையும் சூடாக்குகின்றது. அத்துடன் வெளியேறும் காபனீரொட்சைட்டு, புவி திருப்பியனுப்பும் செந்நிறக்கீழ்க் கதிர்களை உறிஞ்சி வளிமண்டலத்தைப் போர்வையாக்குகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பகுதிகளில் 280 ஆக இருந்த அவ்வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மேலும், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தோமே, அது எதனால்? எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. நீர்த்தேக்கங்களில் போதிய நீரும் இருக்கவில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாற்றும் இறக்குமதி நிலக்கரியைத்தான் தின்கின்றது. கடன்பட்டு எரிப்பவன் சுதந்திரமாக எரிவதில்லை.

மற்றொரு சாரார், ‘கூரைகளில் சூரியத் தகடுகளைப் பதித்தால் பள்ளத்தாக்குகள் அமிழவேண்டியதில்லையே’ என்பர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஒளித் துணிக்கை சிலிக்கனில் மோதி இலத்திரனை விடுவிப்பதே அத்தகட்டின் செயல். நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் விழும் ஏறத்தாழ 1000 வாற்று ஒளியில் ஐந்திலொரு பங்கை அது மின்சாரமாக்கும். புகையில்லை, இரைச்சலில்லை. ஆயினும் சூரியன் மாலையில் மறைகின்றது. நமது மின்தேவையோ மாலையில்தான் உச்சத்தை அடைகின்றது. இன்னொன்றும் உண்டு. நீர்நிலையத்திலும் அனல்நிலையத்திலும் சுழலும் பெரும் உருளைகளின் சடத்துவமே, ஒரு பகுதி திடீரெனச் செயலிழந்தாலும் மின்தொகுதியின் மீடிறனைச் சில செக்கன்கள் நிலைநிறுத்திக் காப்பாற்றுகின்றது. சாதாரண சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கைப் பற்றி நாடு சிரித்தது. ஆனால் தேவை குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, சுழலும் சடத்துவம் குறைந்திருந்த மின்தொகுதி அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்பதே சிந்திக்கவேண்டிய செய்தி. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு கேட்கவேண்டி வந்தமையும் இதனாலேயே.

ஆகவே வெயிலுக்கும் களஞ்சியம் வேண்டும். பற்றரி ஒரு வழி. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவில் இறக்குதல் மற்றொரு வழி. நான்கு அலகு செலவிட்டால் ஏறத்தாழ மூன்று அலகு திரும்பக் கிடைக்கும். மகா ஓயாவின் மேற்பகுதியில் 600 மெகாவாற்றில் இத்தகைய திட்டமொன்று வகுக்கப்பட்டு வருகின்றது. கவனியுங்கள்: தகடு கொழும்பின் கூரையிலிருந்தாலும் களஞ்சியம் மீண்டும் மலைக்கே வருகின்றது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து கிராமங்களை மூடியதை இந்நாடு கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாட்டு மாவட்டங்கள் மண்சரிவுகளால் சிதைந்ததையும் கண்டது. இம்மலைகளிடம் இனியும் கேட்கப்போகிறவர்கள், இதுவரை எடுத்ததற்குக் கணக்குக் காட்டவேண்டாமா?

முன்னர் விட்டுவந்த எண்ணுக்குத் திரும்புவோம். ஒரு தொழிலாளியின் நாளுழைப்பு ஓர் அலகு மின்சாரத்தை எட்டாது என்றோம். ஆயினும் மலையகப் பொருளாதாரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கியது அந்த உழைப்பின்மேல்தான். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய மூன்றரைக் கிலோவும் நீர். அந்நீரைப் போக்குவதற்குத் தொழிற்சாலையில் விறகு எரிகின்றது. விறகைப்பற்றி நிலைபேற்றுச் சான்றிதழ்கள் பேசுகின்றன. மரம் நட்டாயிற்றா என்று கேட்கின்றன. அக்கொழுந்தை முதுகிற் சுமந்து சரிவேறியவளின் உடலும் ஒரு சக்தி மூலமல்லவா? உணவாலும் ஓய்வாலும் மருந்தாலும் அது நிரம்பவேண்டும். எடுக்கும் வேகம் நிரம்பும் வேகத்தை மிஞ்சுமானால் அதுவும் புதுப்பிக்கத்தகாததே. குருதிச்சோகையும் எடைகுறைந்த குழந்தையும் அந்த விகிதம் பிறழ்ந்ததன் அளவீடுகள். மரத்துக்கு ஒரு நீதியும் மனிதருக்கு வேறொரு நீதியும் வைக்கும் நிலைபேறு, பெயரளவிலான நிலைபேறு.

இதனை உணர்ச்சிவயப்பட்ட பேச்சென்று ஒதுக்குவாருளர். அவர்களுக்கு நமது விடை: நாம் பயன்படுத்தியது உங்கள் அளவுகோலையே. அதனை ஓரிடத்தில் நிறுத்தாமல் இறுதிவரை கொண்டுசென்றோம், அவ்வளவே. நீரோடு நின்றுவிடுவது பாதி அறிவியல். நீர், மண், காடு, மனிதர் என்னும் நான்கின் வேகங்களையும் ஒருங்கே அளப்பதே முழு அறிவியல்.

இதன்வழி மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, நீர்மின்சாரத்தால் வரும் வருவாயில் ஒரு நிலையான பங்கு அந்நீரேந்து பிரதேசத்துக்கே சட்டப்படி திரும்பவேண்டும். காட்டை மீட்பதற்கும் சரிவுகளைக் காப்பதற்கும் அங்கு வாழ்வாரின் வீட்டுக்கும் காணியுறுதிக்கும் அது செலவிடப்படவேண்டும். இது தருமமன்று, தேய்மானச் செலவு. இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதும் கணக்காளர் மலைக்கும் எழுதட்டும்.

இரண்டாவது, இனி வகுக்கப்படும் ஒவ்வொரு திட்டமும், அது நீராயினும் வெயிலாயினும் காற்றாயினும், மூன்று வினாக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வெளிப்படையாக விடையிறுக்கவேண்டும். எதை எந்த வேகத்தில் எடுக்கிறீர்கள்? அது எந்த வேகத்தில் நிரம்பும்? நிரம்பாததன் செலவை ஏற்கப்போவது யார்?

மூன்றாவது நம்மை நோக்கியது. கலைப்பீட மாணவர் ஒவ்வொருவரும் சக்தி, வலு, வினைத்திறன், விகிதம் ஆகியவற்றைத் தாய்மொழியிற் கற்கும் ஓர் அடிப்படைப் பாடநெறி வேண்டும். கலைச்சொல் இல்லை என்ற சாக்கு செல்லாது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளைக் கொண்டு தலைமுறைகள் தமிழில் அறிவியல் பயின்றன. சொல் இருக்கின்றது, கற்கும் மனந்தான் வேண்டும். அதேபோல் பொறியியற்பீடத்துத் தோழர்களும் பாலத்தைக் கடந்து வரட்டும். 1948உம் 1964உம் என்னவென்று அறியாமல் மலையில் அணை கட்டுபவர், மண்ணின் தன்மையை அறியாமல் கட்டுபவரைப் போலவே தவறிழைப்பர்.

அணைக்கட்டின் மேல் நின்று நீரைப் பார்ப்பவர்க்கு அது அழகிய ஏரி. அதன் அடியில் ஒரு நகரம் கிடக்கின்றது, அதன்மேல் ஒரு மலையின் மண் படிந்துகொண்டிருக்கின்றது, அம்மலையில் ஒருத்தி இன்றும் கூடையைச் சுமந்து ஏறுகிறாள் என்று அறிந்தவர்க்கு அது ஒரு கணக்கேடு. அதன் வரவுப் பக்கத்தை அரை நூற்றாண்டாக வாசித்துவிட்டோம். செலவுப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது இப்பல்கலைக்கழகத்து இளந்தலைமுறையின் கடனாகும்.